மடத்தடிக் கடையிலிருந்து: புலமைப்பரிசில் காலக் குறிப்புகள்

ஜூலை 19, 2025, சனி

பத்து வயதுப் பிள்ளைகள் எழுதுகிற ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான். திருகோணமலையில் போட்டோக்கொப்பி மெஷின் வைத்திருக்கிறவனுக்கு இதைவிட நல்ல சீசன் கிடையாது, உயர்தரப் பரீட்சைக் காலம்கூட இதற்குப் பின்னால்தான். காலையில் கடை திறக்க முதலே ரியூசன் சேர்மாரின் பெடியன்கள் பென்டிரைவோடு நிற்கிறார்கள். மாதிரி வினாத்தாள், முன்னோடி வினாத்தாள், இறுதி எதிர்பார்க்கை வினாத்தாள், அதற்கும் பிறகு ‘இறுதியிலும் இறுதி’ என்று ஒன்று. எனக்கு வருமானம், மறுக்கவில்லை. ஆனால் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நாள் முழுக்க இந்தத் தாள்களைப் பார்ப்பதால் எனக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும்தானே, அதைத்தான் இங்கே அவ்வப்போது எழுதப் போகிறேன்.

இன்று ஒரு அம்மா வந்தார். மகன் செய்து முடித்த வினாத்தாள், மேலே சிவப்பில் 200க்கு 158. அவன் போட்ட விடைகளை எல்லாம் அழிறப்பரால் தேய்த்துவிட்டு, அதையே கொப்பி எடுத்துத் தரச் சொன்னார், இரவு மறுபடி செய்ய வைக்கப் போகிறாராம். எடுத்துக் கொடுத்தேன். பென்சில் அழுத்திய தடம் கொப்பியிலும் சாம்பல் நிறத்தில் விழுந்திருக்கிறது, எந்த விடைக்குக் கீழே கோடு போட்டான் என்று கண்ணாடி போடாமலே தெரிகிறது. ‘ரோனரைக் குறைச்சு அடியுங்கோ அண்ணை’ என்றார். குறைத்தால் கேள்வியும் மங்கிப்போகிறது. கடைசியில் அப்படியே வாங்கிக்கொண்டு போனார். பையன் இன்று இரவு 170க்கு மேல் எடுப்பான், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

பாராளுமன்றத்தில் கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பேசுகிறார்கள். 2026இல் முதலாம், ஆறாம் தரங்களில் ஆரம்பமாம். வரலாறு கட்டாயப் பாடமாக இருக்குமா இல்லையா என்பதில்தான் பெரிய சத்தம். எனக்கு அதில் அவ்வளவு அக்கறை வரவில்லை. கட்டாயமாக இருந்த இத்தனை வருடமும் வரலாறு என்றால் பிள்ளைகளுக்கு அரசர்களின் பெயரும் குளங்களின் பெயரும்தான், கோணேசர் கோயில் நிற்கிற பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே தினம் போய்வருகிற பிள்ளைக்குக்கூட அந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயர் எதை இடித்துக் கட்டினார்கள் என்று வகுப்பில் யாரும் நின்று சொன்னதாகத் தெரியவில்லை. பாடம் இருக்கிறதா இல்லையா என்பதைவிட யார் எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. சரி, அது பெரிய கதை.

என் விஷயம் புலமைப்பரிசில். இது ஏன் வந்தது என்பதையே மறந்துவிட்டோம். கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்த அந்த ஆண்டுகளில், கிராமங்களை அண்டி மத்திய கல்லூரிகள் திறந்தார்கள். அந்தக் கல்லூரிகளுக்குக் கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கத்தான் இந்தப் பரீட்சை. விடுதியும் சாப்பாடும் அரசாங்கத்தின் பொறுப்பு. பட்டணத்துப் பணக்காரப் பாடசாலைக்கு வெளியே ஒரு வழி திறப்பது நோக்கம். இன்று அதே பரீட்சை பட்டணத்துப் பாடசாலைக்குள் நுழைகிற வாசலாக ஆகிவிட்டது, வாசலுக்கு முன்னால் ரியூசன் சேர் நிற்கிறார்.

ஒகஸ்ட் 7, வியாழன்

நேற்று நள்ளிரவோடு புலமைப்பரிசில் ரியூசன் வகுப்புகளுக்குத் தடை. ஒவ்வொரு வருடமும் பரீட்சைத் திணைக்களம் இப்படி அறிவிக்கும். வகுப்பும் கருத்தரங்கும் நடத்தக்கூடாது, எதிர்பார்க்கை வினாக்களை அச்சிட்டு விநியோகிக்கவும் கூடாது. அதாவது என் மெஷினுக்கும் விடுமுறை. நேற்றுப் பின்னேரம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு சேர் கட்டுக்கட்டாக அடித்துக்கொண்டு, இரவு பன்னிரண்டுக்கு முன் கொடுத்து முடிக்க வேண்டும் என்று ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிக்கிற மனிதர்!

எனக்கு ரியூசன் சேர்மார் மேல் கோபமில்லை. அவர்களில் பாதிப்பேர் பாடசாலையில் வேலை கிடைக்காத பட்டதாரிகள். கோபம் எல்லாம் பகலில் வகுப்பில் ஒரு பாதியைச் சொல்லிவிட்டு மறுபாதியைப் பின்னேரம் காசுக்குச் சொல்கிற ஆசிரியர்கள் மேல். தன் வகுப்புப் பிள்ளையிடமே ரியூசன் காசு வாங்குவதை ஒரு அதிபரும் தட்டிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒகஸ்ட் 10, ஞாயிறு

பரீட்சை முடிந்தது. காலையில் பால் வாங்கப் போனபோதே வீதி முழுக்க வெள்ளைச் சீருடை, கோயில் வாசல்களில் திருநீறு, அம்மாமாரின் கையில் தண்ணீர்ப் போத்தல். பகல் பத்து மணிக்கே காற்று நெருப்பாய் அடித்தது. இந்தக் கச்சான் காற்றுக் காலத்தில், தகரக் கூரை மண்டபத்தில், பத்து வயதுப் பிள்ளை ஒரு மணித்தியாலத்தில் நாற்பது நுண்ணறிவுக் கேள்விக்கு விடை தர வேண்டும், அதோடு இரண்டாம் பத்திரம் வேறு. மொத்தம் 200 புள்ளி. நுவரெலியாவில் ஸ்வெட்டரோடு எழுதுகிற பிள்ளைக்கும் இதே தாள், இதே நேரம்.

எனக்கு முன்வீட்டுப் பெடியன் முடித்துவிட்டு வந்து கேட்ட முதல் கேள்வி: ‘இனி நான் கிரிக்கெட் விளையாடலாமா மாமா?’ நாலாம் ஆண்டு தொடங்கியதிலிருந்து துடுப்பு மேசைக்கடியில் கிடக்கிறது. விளையாடு என்றேன். அவனுடைய அம்மா ஆங்கில வகுப்புக்கு ஏற்கனவே பெயர் கொடுத்திருப்பது அவனுக்குத் தெரியாது.

கடந்த வருடம் வினாக்கள் சில முன்பே வெளியில் போய், விடைத்தாள் திருத்துவதை நிறுத்தி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், பெறுபேறு இந்த வருட ஜனவரியில்தான் வந்தது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு உயர் நீதிமன்றம்! அந்த அளவுக்கு நாம் இதைப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம்.

ஒகஸ்ட் 23, சனி

சின்னக் குறிப்புத்தான். இன்று கடையில் ஒருவர், ‘அடிக்கக்கூடாது எண்டு சட்டம் போட்டுத்தான் பிள்ளையள் கெட்டுப்போச்சு, எங்களை அடிச்சுத்தானே வளர்த்தவை’ என்றார். பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று 2005இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது, 2016இல் இன்னொன்றும் வந்தது. பிரம்பு இன்னும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. அடி வாங்கி வளர்ந்த தலைமுறை என்னவெல்லாம் செய்தது என்று இந்த நாட்டில் இருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அவரிடம் இதைச் சொல்லவில்லை, வாடிக்கையாளர்.

செப்டெம்பர் 6, சனி

பெறுபேறு வந்துவிட்டது. பேஸ்புக் முழுக்கப் பிள்ளைகளின் படம். வீதியில் பதாகைகள் ஏறத் தொடங்கிவிட்டன, ஒரே பிள்ளையின் படம் பாடசாலைப் பதாகையிலும் இருக்கிறது, இரண்டு ரியூட்டரிகளின் பதாகைகளிலும் இருக்கிறது. யார் படிப்பித்தது என்று பிள்ளைக்கே குழப்பம் வரும்.

கடைக்கு வருகிறவர்களிடம் இரண்டு வெட்டுப்புள்ளி இருக்கிறது என்பதை விளங்கப்படுத்தியே வாய் வலிக்கிறது. ஒன்று மாவட்ட வெட்டுப்புள்ளி, அது உதவிப்பணத்துக்கு. அதையும் எடுத்து, பெற்றோரின் வருமானமும் குறைவாக இருந்தால்தான் காசு. மாதம் 750 ரூபாயாக இருந்ததை இந்த வருட வரவுசெலவுத் திட்டத்தில் 1500 ஆக்கினார்கள். மற்றது பாடசாலை வெட்டுப்புள்ளி, அது ஆறாம் ஆண்டில் பெரிய பாடசாலைக்கு மாறுவதற்கு. ஒவ்வொரு பாடசாலைக்கும் வேறு வேறு, பிறகுதான் வரும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஏற்கனவே பட்டணத்துப் பெரிய பாடசாலையில் முதலாம் ஆண்டிலிருந்து படிக்கிற பிள்ளை அங்கேயே ஆறாம் ஆண்டுக்குப் போகும், பரீட்சை எழுதினாலும் எழுதாவிட்டாலும். அப்பா அம்மா இருவரும் அரசாங்க உத்தியோகம் என்றால் உதவிப்பணமும் கிடையாது. அப்படியானால் அந்தப் பிள்ளை இரண்டு வருடம் நித்திரை முழித்தது எதற்கு? பதாகைக்கு. வேறு பதில் இருந்தால் சொல்லுங்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

இன்று மூதூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். மகள் வெட்டுப்புள்ளிக்கு மேலே. பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம், வருமானக் கடிதம் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு கொப்பி. கடிதங்களை சொப்பிங் பையில் சுற்றி, அதைச் சேட்டுக்குள்ளே வைத்துக்கொண்டு வந்திருந்தார், வியர்வை பட்டு ஒரு மூலை நனைந்திருந்தது. நான் தாளை மெஷினில் வைக்கும்போது அந்த மூலையைத் தன் பெருவிரலால் நீவி நீவி விட்டார்.

‘எங்க சேர்க்கப் போறீங்கள் தம்பி?’ என்று கேட்டேன்.

‘இங்க ரவுணிலதான் அண்ணை. மாமி வீடு அன்புவழிபுரத்தில இருக்கு, அங்க விடலாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில கணக்கு ரீச்சர் நிக்கிறாவில்லை, வாறவையும் இரண்டு வருசத்தில மாற்றம் எடுத்துக்கொண்டு போயிடுவினம்.’

இவர் செய்வது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்கு வருவது பழைய காலத்துப் பாதைப்படகுக் கஷ்டம் இல்லை, வசதியுள்ளவர்கள் வான் வண்டியில் பிள்ளைகளைத் தினமும் அனுப்புகிறார்கள். ஆனால் இவருடைய மகள் இங்கே வந்தால், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வருகிற பிள்ளை அந்த வகுப்பில் இல்லை. அடுத்த வருடம் இன்னொன்று வரும். மாணவர் தொகை குறையும், தொகைப்படிதான் ஆசிரியர் என்பதால் ஆசிரியரும் குறைவார், ஆசிரியர் குறைந்ததால் இன்னும் நாலு குடும்பம் பிள்ளையை வெளியே எடுக்கும். கிணற்றில் தண்ணீர் இறைக்க இறைக்க ஊறும் என்பார்கள், இது ஊறாத கிணறு.

இதன் முடிவு உயர்தரத்தில் தெரியும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கு, மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலிலும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் மாவட்டத்துக்குள்ளே பட்டணத்து உவர்மலையில் இருக்கிற பிள்ளையும் வெருகல் பக்கத்து ஈச்சிலம்பற்றில் இருக்கிற பிள்ளையும் ஒன்று. அந்தச் சலுகையின் பெரும்பங்கு பட்டணத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் அபிப்பிராயம். விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளைக்கு அனுமதிக்கான இசட் வெட்டுப்புள்ளி குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

என்னைக் கேட்டால் இதுதான்: உதவிப்பணத்தை வறுமையைப் பார்த்துக் கொடுங்கள், அதற்குப் பரீட்சை தேவையில்லை. ஆறாம் ஆண்டு அனுமதிக்கு வெட்டுப்புள்ளியை எடுத்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் வெருகலுக்கும் மூதூருக்கும் கணக்கு, விஞ்ஞான ஆசிரியர்களைப் போட்டு, ஐந்து வருடமாவது நிற்க வையுங்கள், விடுதியும் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவும் ஒழுங்காகக் கொடுத்து. இந்த ஒழுங்கை மாற்றிச் செய்தால், அதாவது ஆசிரியரைப் போடாமல் பரீட்சையை மட்டும் எடுத்தால், இன்று வந்த மனிதருக்கு இருக்கிற ஒரேயொரு வழியும் அடைபடும். பரீட்சையை ரத்துச் செய் என்று கொழும்பில் இருந்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கொப்பிக்குக் காசு வாங்கவில்லை. அவர் ஒரு பை கச்சான் கடலை வைத்துவிட்டுப் போனார்.

ஒக்டோபர் 18, சனி

மழை தொடங்கிவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து பாடசாலை ஒன்றரைக்குப் பதில் இரண்டு மணிக்கு முடியுமாம். ஆசிரியர் சங்கங்கள் எதிர்க்கின்றன. எனக்கு அரை மணித்தியாலம் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை, பிள்ளைக்கு இடையில் வயிற்றுக்கு ஏதாவது கொடுத்தால். காலை ஆறு மணிக்கு நிலாவெளிப் பக்கமிருந்து பஸ் ஏறுகிற பிள்ளை இரண்டு மணிவரை ஒரு பணிஸோடு இருக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரே கவலைதான்: இரண்டரை மணி ரியூசனை எத்தனை மணிக்கு மாற்றுவது?

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. மகள் நாலாம் ஆண்டு, அடுத்த வருடம் அவளுக்குப் பரீட்சை. அவள் படிக்கிற இடத்திலேயே உயர்தரம் வரை இருக்கிறது, எங்களுக்கு உதவிப்பணமும் கிடைக்காது. இதைச் சொன்னால் மனைவி, ‘எல்லாப் பிள்ளையளும் போகேக்க இவள் மட்டும் வீட்டில இருந்தா, வகுப்பில ரீச்சர் இவளை எப்பிடிப் பார்ப்பா?’ என்கிறாள். இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை, ஏனென்றால் ரீச்சர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்கும் தெரியும். நேற்று இரவுதான் சொன்னாள், வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டாளாம். காசு கட்டவில்லையாம், பெயர் மட்டும்தானாம். சனி ஞாயிறு இரண்டு நாளும் போகக்கூடாது, ஒரு நாள் மட்டும் என்று நான் நிற்கிறேன். அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.