நூலகரிடம் போய்க் கேளுங்கள்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழக நூலகத்தைப் புத்தகம் எடுக்கும் இடமாக மட்டும் நினைக்காதீர்கள்.

2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்லூரி மாணவர்களும் படிக்கலாம். தனியார் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை என்பது வருத்தம்தான்.

சரி, படிக்க வழி கிடைத்துவிட்டது. கட்டுரையை எங்கே அனுப்புவது? அதே ஆண்டு பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), தரமான ஆய்விதழ்கள் எவை என்று காட்டிவந்த தன் 'கேர்' பட்டியலைக் கைவிட்டது. இனி இதழின் தரத்தை நாம்தான் பார்க்க வேண்டும்.

அண்மையில் ஒரு மாணவிக்கு, "மூன்றே நாளில் வெளியிடுகிறோம், பணம் அனுப்புங்கள்" என்று ஓர் இதழிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதை நூலகரிடம் காட்டினார். நூலகர் முதலில் அந்த இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணை, அதாவது ஒவ்வொரு இதழுக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணைத் தேடினார். அது வேறொரு இதழுடையது. அப்புறம் ஆசிரியர் குழுவில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினார். பாதிப் பேர், அவர்கள் பெயரோடு போட்டிருந்த பல்கலைக்கழகங்களிலேயே இல்லை! அந்தப் பெண்ணின் பணமும் உழைப்பும் தப்பின.

நூலகர் பணியிடம் காலியாகக் கிடக்கும் கல்லூரிகளில் இதை யார் செய்வார்கள்? கல்லூரி நிர்வாகங்களே, முதலில் அந்த இடங்களை நிரப்புங்கள்.