மணலியில் கம்பெனி ஃபயர்மேன் ஆனது எப்படி

தண்டையார்பேட்டை, எர்ணாவூர் பக்கத்துத் தம்பிகள் அடிக்கடி கேட்கிறார்கள், வடசென்னை மணலி கம்பெனிகளில் ஃபயர்மேன் வேலைக்கு எப்படிப் போனீங்க என்று. முதலில் ஒன்று: இது அரசுத் தீயணைப்புத் துறை வேலை இல்லை, அதற்கு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் தனியாகத் தேர்வு வைக்கும். இது சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, எரிவாயு டெர்மினல் மாதிரி இடங்களுக்குள்ளேயே இருக்கும் ஃபயர் ஸ்டேஷன் வேலை, பெரும்பாலும் காண்ட்ராக்ட்.

நான் ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட்டில் டிப்ளமோ படித்தேன். போஸ்டரில் நூறு சதவீத வேலை உத்தரவாதம் போட்டிருந்தார்கள், கடைசியில் வேலை கிடைத்தது என்னவோ எங்கள் தெரு அண்ணன் ஒருத்தர் காண்ட்ராக்டரிடம் சொல்லி வைத்ததால்தான். சான்றிதழ் வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஃபோம் டெண்டரை, அதாவது நுரை அடிக்கும் தீயணைப்பு வண்டியை ஓட்டி பம்பையும் இயக்கத் தெரிந்த, ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கிற ஆளுக்குத்தான் அங்கே மவுசு.

மெடிக்கல், போலீஸ் வெரிஃபிகேஷன், கேட் பாஸ் எல்லாம் அலைச்சல்தான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆளைச் சலித்து எடுப்பது பிஏ செட், அதாவது முதுகில் மாட்டும் மூச்சுக்காற்று சிலிண்டர். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாது, காற்று கசியும், அதனால் தினமும் ஷேவிங். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம், அதாவது சுமார் 1800 லிட்டர் காற்று. ஏட்டுக் கணக்கில் முக்கால் மணி நேரம் வரும், ஆனால் தண்ணீர் நிறைந்த ஹோஸை இழுத்துக்கொண்டு இரும்புப் படி ஏறிப் பாருங்கள், பாதி நேரம்கூடத் தாங்காமல், காற்று தீரப்போகிறது என்று விசில் அடித்துவிடும். முகமூடிக் கண்ணாடியைத் துணியால் மூடி, இருட்டறையில் சுவரைத் தடவிக்கொண்டே போகச் சொல்வார்கள். நம் மூச்சுச் சத்தம் மட்டும் புஸ் புஸ் என்று கேட்கும், நாலு எட்டு வைப்பதற்குள் படபடப்பு வந்துவிடும். பின்னாலிருந்து எங்கள் சீனியர், "மெதுவா இழுடா, காத்து என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்பார். ஜிம் உடம்போடு வந்த பசங்க பலர் இங்கேதான் கழன்றுகொண்டார்கள்.

அடுத்து மண்டையில் ஏற நாளானது, அணைக்கக் கூடாத தீ. எல்பிஜி கசிந்து எரியும்போது வால்வை மூடாமல் தீயை மட்டும் அணைத்தால், காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு ஓடி, கால்வாயில் இறங்கி, எங்கேயோ ஒரு பொறியைத் தேடிப் பிடித்து வெடிக்கும். அதனால் எரிய விட்டுவிட்டு, பக்கத்து டேங்குகளுக்குத் தண்ணீர் அடித்துக் குளிர வைத்துக்கொண்டே, வால்வுக்குப் போக வழி பார்க்க வேண்டும். தீயைக் கண்டால் கை தானாக பிராஞ்சை, அதாவது ஹோஸ் முனையில் தண்ணீர் பீய்ச்சும் குழாயைத் திருப்பும், அதை அடக்குவதுதான் பயிற்சி.

அமோனியாவுக்கு வேறு கணக்கு. மேகமாக வருவதைத் தண்ணீர்த் திரை போட்டு மடக்கலாம், தேங்கிக் கிடக்கும் திரவத்தின் மேல் ஊற்றினால் இன்னும் வேகமாகக் கிளம்பும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்களே, அப்போது அங்கிருக்கும் சித்தி போன் போட்டு அழுதார். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கிட்டு, காற்று அடிக்கிற திசைக்குக் குறுக்கே போங்க, அது போகிற பக்கமே ஓடாதீங்க என்றேன். கம்பெனிக்குள் கம்பத்தில் பறக்கும் காற்றுப்பையைப் பார்த்துத் திசை கண்டுபிடிப்போம், தெருவில் அது ஏது?

மற்ற நாளெல்லாம் ஹைட்ரன்ட்டை, அதாவது ஹோஸ் மாட்டும் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பது, சிலிண்டர் அழுத்தம் குறித்து வைப்பது, வெல்டிங் நடக்கும் இடத்தில் ஹோஸோடு காவல். கத்திரி வெயிலில் வெல்டர் வேலை முடித்துப் போன பிறகும் உட்கார்ந்திருக்க வேண்டும், பொறி எங்கேயாவது ஒளிந்திருக்கலாம். அலுப்பு தட்டும், அதற்குத்தான் சம்பளம்.

சேருகிறவர்கள் பிஎஃப் எண்ணையும் எல்லா மாதச் சம்பள ஸ்லிப்பையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டர் மாறியதும் பழைய அனுபவத்துக்கு ஆதாரம் கேட்பார்கள்.