தமிழ் நாவுக்கு ஆங்கில உச்சரிப்பைச் சொல்லித்தருவது

கடலூரில் மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வரை ஒரு நடை நடந்தால், ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்று எழுதிய பலகைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். புதுச்சேரியில் லாஸ்பேட்டை, நெல்லித்தோப்புப் பக்கமும் நிலைமை அதுதான். இந்தப் பலகைகளை நம்பிப் பணம் கட்டி வருகிறவர்கள் ஆங்கிலமே அறியாதவர்கள் அல்லர். பள்ளியில் தொடங்கிக் கல்லூரி வரை ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்து, தேர்வெழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவர்கள். கடலூரில் மாலை நேரங்களில் நான் நடத்தும் வகுப்புக்கு, வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதப்போகும் செவிலியர்கள், கடைசி ஆண்டு படிக்கும் பொறியியல் மாணவர்கள், புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய விடுதிகளில் வரவேற்பறையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் எனப் பலரும் வருகிறார்கள். முதல் நாளில் அவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: “எல்லாம் தெரியுது மிஸ், ஆனா வாய்ல வரமாட்டேங்குது.” இதை நான் சாக்காக எடுத்துக்கொள்வதில்லை; உள்ள நிலையை அப்படியே சொல்லும் வாக்கியம் அது. அவர்களுடைய கண்ணுக்கும் கைக்கும் பல ஆண்டுகள் ஆங்கிலப் பயிற்சி கிடைத்திருக்கிறது, வாய்க்கும் காதுக்கும் கிடைக்கவில்லை. ஆகவே, மறுபடியும் கரும்பலகையில் இறந்தகாலம் நிகழ்காலம் என்று எழுதிப்போட்டு மாதங்களைக் கழிப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

எந்த உச்சரிப்பைக் கற்றுத்தருவது என்பது அடுத்த கேள்வி. லண்டன்காரரைப் போலவோ அமெரிக்கரைப் போலவோ பேசவைப்பதுதான் உச்சரிப்பு வகுப்பின் வேலை என்று பெற்றோர் பலரும் நினைக்கிறார்கள். என் நோக்கம் அதுவன்று, கேட்பவர் சிரமப்படாமல், “என்ன சொன்னீர்கள்?” என்று இரண்டாம் முறை கேட்காமல் புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிரித்தானிய மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசும்போது எவ்வகை உச்சரிப்புப் பிழைகள் உண்மையிலேயே பேச்சைப் புரியாமல் செய்கின்றன என்று ஆராய்ந்து, கட்டாயம் கற்றுத்தர வேண்டியவற்றை 2000ஆம் ஆண்டில் ஒரு சிறு பட்டியலாக வரையறுத்தார். உயிரொலிகளின் நீளம், சொல்லின் முதலில் அடுத்தடுத்து வரும் மெய்களின் கூட்டம், வாக்கியத்தில் முதன்மை அழுத்தம் விழும் இடம் ஆகியவை அதில் உண்டு. ‘திங்க்’ என்ற சொல்லின் முதலொலி அதில் இல்லை. நம்மவர்கள் அந்த ஒலியைத் தமிழின் ‘த’கரமாகவே சொல்கிறார்கள், கேட்பவருக்கும் விளங்கிவிடுகிறது, அதைத் திருத்துவதற்கு நான் வகுப்பு நேரத்தைச் செலவிடுவதில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. சொல்லுக்குள் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதை அவர் தம் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் என் மாணவியர் இங்கிலாந்தின் மருத்துவமனைக்குப் போய், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதிய நோயாளிகளிடம் பேசப்போகிறவர்கள். அந்தக் காதுகள் சொல்லை அடையாளம் காண அழுத்தத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன.

செவிலியர்களிடம் நான் முதலில் எடுத்துக்கொள்வது 15, 50 என்ற இரண்டு எண்களை. மருந்தின் அளவைத் தொலைபேசியில் சொல்லும்போது இவ்விரண்டும் குழம்பினால் விளைவு என்ன என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டி’ என்பதில் முதல் அசை ஓங்கி, இரண்டாவது குறுகித் தேய்கிறது. ‘ஃபிஃப்டீன்’ என்பதைத் தனியாகச் சொல்லும்போது இரண்டாம் அசை ஓங்கி நீள்கிறது, கடைசியில் ‘ன்’ தெளிவாக முடிகிறது. தமிழ் வாயில் என்ன நடக்கிறது என்று உற்றுக் கேட்டால், இரண்டு அசைகளுக்கும் ஒரே எடை விழுகிறது. அதோடு ‘வந்தேன்’ என்பதன் கடைசி ‘ன்’ நம் பேச்சில் மூக்கொலியாகக் கரைவதைப் போலவே ‘ஃபிஃப்டீன்’ என்பதன் ‘ன்’னும் கரைந்துபோகிறது. பிறகு இரண்டு எண்களுக்கும் இடையே மிஞ்சுவது மிகச் சிறிய வேறுபாடுதான். பின்னால் ‘மில்லிகிராம்’ போன்ற ஒரு சொல் வந்தால், ஆங்கிலேயர் பேச்சிலேயே ‘ஃபிஃப்டீன்’ என்பதன் அழுத்தம் முதல் அசைக்கு நகர்ந்துவிடக்கூடும். அதனால்தான் மருந்தளவைச் சொல்லும்போது ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்’ என்று இலக்கங்களைப் பிரித்துச் சொல்லும் வழக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. இந்த வழக்கத்தையும் சேர்த்தே நான் கற்பிக்கிறேன். உச்சரிப்பைத் திருத்துவதும் உச்சரிப்பு தவறினாலும் காப்பாற்றும் வழியைச் சொல்லித்தருவதும் ஒரே பாடத்தின் இரண்டு பகுதிகள்.

அழுத்தம் என்ற கருத்தே தமிழ் மாணவர்களுக்குப் புதியது, ஏனென்றால் தமிழில் அழுத்தம் மாறினால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. இதை விளக்க என் மேசையில் தடிமனான ரப்பர் பேண்டுகள் எப்போதும் இருக்கும். ஒவ்வொருவரும் ஒன்றை இரண்டு கட்டைவிரல்களிலும் மாட்டிக்கொண்டு, அழுத்தம் விழும் அசையில் இழுத்து, மற்ற அசைகளில் தளர்த்திச் சொல்ல வேண்டும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில் இழுக்கிறார்கள். ‘ஃபோட்டோகிராஃபி’ என்று வந்தவுடன் இழுப்பு இரண்டாம் அசைக்குப் போய்விடுகிறது, முதலில் இருந்த ‘ஃபோ’ ஏறக்குறைய ‘ஃப’ ஆகச் சுருங்கிவிடுகிறது. விடுதியில் வேலை பார்க்கும் இளைஞர்கள் நாள் முழுவதும் சொல்லும் ‘ஹோட்டல்’ என்ற சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும் என்று அறிந்ததும் ஒருவரையொருவர் வியப்போடு பார்த்துக்கொள்வார்கள். விதிகள் ஏராளம் என்றாலும், பலன் தரும் இரண்டை மட்டுமே முதலில் தருகிறேன். ‘ஷன்’ என்று முடியும் சொற்களில் அதற்கு முந்திய அசையில் அழுத்தம் விழும்: மெடிகேஷன், ஆபரேஷன், எக்ஸாமினேஷன். ‘இக்’ என்று முடியும் சொற்கள் பெரும்பாலானவற்றிலும் அப்படியே: அலர்ஜிக், டயபெட்டிக், ஆன்டிபயாட்டிக். மருத்துவமனையில் நாள்தோறும் புழங்கும் சொற்களில் ஒரு பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

அழுத்தம் விழாத உயிர்கள் ஆங்கிலத்தில் சுருங்கி மங்குகின்றன. அந்த மொழியில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிரொலியே இந்த மங்கிய ஒலிதான். இதற்கு ஆங்கிலக் கலைச்சொல் ஒன்றைச் சொல்லி மிரட்டுவதைவிட, நம் இலக்கணத்தின் குறுக்கங்களை நினைவூட்டுவது நல்ல பலனைத் தருகிறது. ஒரு மாத்திரை பெற வேண்டிய உகரம் ‘பஞ்சு’ என்பதன் இறுதியில் அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்று எட்டாம் வகுப்புக்குள்ளாகவே அனைவரும் படித்திருக்கிறார்கள். ‘தலைவன்’ என்பதன் நடுவில் ஐகாரம் குறுகுவதையும் படித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத இடத்திலெல்லாம் இதுபோன்ற குறுக்கம் நிகழ்கிறது என்று சொன்னவுடன், ‘பனானா’ என்பதன் நடு அசையை மட்டும் முழுதாக ஒலித்து மற்ற இரண்டையும் குறுக்க அவர்களால் முடிகிறது. தமிழிலக்கணம் படித்தவருக்கு ஆங்கில உச்சரிப்பு எளிது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

வெளிநாட்டில் அச்சான உச்சரிப்புப் புத்தகங்களை அப்படியே வகுப்பில் நடத்துவதை நான் ஏற்பதில்லை. ‘ஷிப்’, ‘ஷீப்’ என்ற இணைக்கு அவை பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகின்றன. குறிலும் நெடிலும் நம் மொழியின் அடிப்படை. ‘விடு’ என்பதையும் ‘வீடு’ என்பதையும் மூன்று வயதுக் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும். நமக்கு வேண்டிய பாடம் வேறு. தமிழில் ஒரே ‘ப’கரம் இடத்துக்கு ஏற்ப இரண்டு விதமாக ஒலிக்கிறது: ‘பாம்பு’ என்று சொல்லிப்பார்த்தால் முதல் ‘பா’வில் தொண்டை அதிர்வதில்லை, மெல்லினத்தை அடுத்த ‘பு’வில் அதிர்கிறது. ஆக, ஆங்கிலத்துக்கு வேண்டிய இரண்டு ஒலிகளும் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை நினைத்த இடத்தில் வைக்கும் பழக்கம்தான் இல்லை. ‘பேப்பர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நடு ஒலி நம்மில் சிலர் வாயில் அதிர்வொலியாக மாறிவிடுவதும் இதனால்தான். குரல்வளையில் விரல் வைத்து, ‘பாம்பு’ என்பதன் இரண்டாம் ஒலியை முதலிலும் முதல் ஒலியை நடுவிலும் வைத்துப் பழகினால், சில வகுப்புகளிலேயே தேர்ச்சி வருகிறது. சொல்லின் முதலில் வரும் அதிராத ‘ப்’ ஒலியை ஆங்கிலேயர் காற்றோடு வெளியிடுவார்கள். உதட்டுக்கு முன் ஒரு துண்டுத்தாளைப் பிடித்தால் அது ஆட வேண்டும். நம்முடையதில் தாள் ஆடாது, அதனால் குண்டூசி என்ற பொருளில் ‘பின்’ என்று நாம் சொல்வதை அவர்கள் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லாகக் கேட்டுவிடுகிறார்கள்.

சொல்லின் இறுதி இன்னொரு சிக்கல். தமிழில் வல்லின மெய் சொல்லின் ஈற்றில் நிற்பதில்லை, ஆகவே ‘புக்’ என்பதை ‘புக்கு’ என்றும் ‘பஸ்’ என்பதை ‘பஸ்ஸு’ என்றும் ஓர் உகரத்தைச் சேர்த்து முடிக்கிறோம். ‘வாக்’ என்பதன் இறந்தகால வடிவத்தை ‘வாக்கெட்’ என்று இரண்டு அசையாகச் சொல்வதும் இதன் தொடர்ச்சியே. அது ‘வாக்ட்’ என்று ஓரசையாகவே ஒலிக்க வேண்டும், ‘வான்ட்’ போல ட்-ஒலியிலோ டகரத்தின் அதிர்வொலியிலோ முடியும் வினைகளுக்கு மட்டுமே கூடுதல் அசை உண்டு. அடுத்த சொல்லின் உயிரோடு சேர்த்துச் சொல்லும் பயிற்சி இதற்குக் கைகொடுக்கிறது, ஏனெனில் உடல்மேல், அதாவது மெய்யின்மேல், உயிர்வந்து ஒன்றுவது நமக்கு இயல்பான புணர்ச்சி.

மாணவர்கள் தங்கள் நோட்டில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழெழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்வதை நான் தடுப்பதில்லை. அழுத்தம் விழும் அசையின் மேல் ஒரு புள்ளி வைக்க மட்டும் சொல்கிறேன். உலகெங்கும் அகராதிகளில் காணப்படும் ஒலிக்குறியீடுகள், 1886இல் பாரிஸில் பால் பாசி என்பவரின் முன்முயற்சியால் மொழியாசிரியர்கள் தொடங்கிய சங்கத்திலிருந்து வந்தவை. வகுப்பறைத் தேவைக்காக ஆசிரியர்களே தொடங்கியது என்பதில் எனக்குப் பெருமை உண்டு என்றாலும், கைப்பேசி அகராதியில் ஒலியைத் தட்டிக் கேட்க முடிகிற இன்றைக்கு எல்லாக் குறியீடுகளையும் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை.

ஒலிகளைத் திருத்துவது ஒரு பகுதி. தொடர்ந்து பேசவைப்பது அதைவிடப் பெரிய பகுதி. ஒரு மணி நேர வகுப்பில் 30 பேரை ஒவ்வொருவராக எழுப்பிப் பேசச் சொன்னால் ஆளுக்கு 2 நிமிடம் கிடைக்கும். இருவர் இருவராக அமர்த்திப் பேசவிட்டால் அதே நேரத்தில் ஒவ்வொருவருக்கும் 30 நிமிடம் கிடைக்கும். நியூசிலாந்தைச் சேர்ந்த பேராசிரியர் பால் நேஷனின் எழுத்துகள் வழியே பரவலாக அறியப்பட்ட ஒரு பயிற்சியை வாரந்தோறும் செய்விக்கிறேன்: ஒரே செய்தியை முதலில் ஒருவரிடம் 4 நிமிடத்திலும், அடுத்து வேறொருவரிடம் 3 நிமிடத்திலும், பிறகு மூன்றாமவரிடம் 2 நிமிடத்திலும் சொல்ல வேண்டும். கடலூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போவது எப்படி, முந்தைய இரவுப் பணியில் நடந்தது என்ன என்பன போன்ற, அவர்கள் நன்கறிந்த செய்தியாகவே இருக்க வேண்டும். மூன்றாம் முறையில் அவர்கள் மனத்துக்குள் தமிழிலிருந்து மொழிபெயர்ப்பதில்லை, அதற்கு நேரமே இருப்பதில்லை.

ஓஇடி தேர்வில் 3 நிமிட ஆயத்தத்துக்குப் பின் ஏறத்தாழ 5 நிமிடம் நோயாளியாக நடிப்பவரிடம் பேச வேண்டும், இருமுறை. அங்கே நம் செவிலியர்கள் தடுக்கி விழுவது இலக்கணத்தில் அல்ல. “கையக் காட்டுங்க” என்பதில் ‘ங்க’ என்ற ஈறு மரியாதை முழுவதையும் சுமக்கிறது. ஆங்கிலத்தில் வினைக்கு அப்படியோர் ஈறு இல்லாததால், வார்டில் அவ்வளவு கனிவாகப் பேசும் பெண் ஆங்கிலத்தில் ‘ஷோ யுவர் ஹேண்ட்’ என்று ஆணையிடுவதைப் போல ஒலிக்கிறார். ‘குட் யூ’ (Could you) என்ற தொடக்கத்தையும், குரல் எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதையும் இணைத்தே பழக்குகிறேன், இல்லாவிட்டால் சொற்கள் பணிவாக இருந்தும் குரல் கடுமையாகவே இருந்துவிடும்.

பேசிக்கொண்டிருப்பவரை நடுவில் நிறுத்தித் திருத்தும் ஆசிரியர்களோடு எனக்கு ஆழ்ந்த மனவேறுபாடு உண்டு. மற்றவர் முன்னால் ஒருமுறை வெட்கப்பட்டவர் மறுபடி வாய் திறக்கப் பல வாரங்கள் ஆகின்றன. பேச்சு முடியும் வரை குறித்துக்கொண்டு, பின்னர் இரண்டே இரண்டு பிழைகளைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். இரவில் ஒவ்வொருவரும் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் தாங்களே ஒருமுறை கேட்டு, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். என் பதிலையும் நான் எழுத்தில் அனுப்புவதில்லை. அவர் தடுமாறிய சொல்லை மெதுவாக ஒருமுறையும் இயல்பான வேகத்தில் ஒருமுறையும் சொல்லி, அதே சொல் விடையில் வரும்படியான ஒரு கேள்வியையும் சேர்த்தே அனுப்புகிறேன். அதற்கு அவர் பேசித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.