18 கரட் பேரரசு

அம்மம்மாவின் சங்கிலியை அழித்து வேறு செய்யலாம் என்று போன கிழமை அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்தில் நகைக்கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதிக்குப் போனோம். எங்களுக்குப் பழக்கமான பத்தர், ஒரு கடைக்குப் பின்னால் சின்ன அறையில் இருந்து வேலை செய்பவர். சங்கிலியை வாங்கிக் கறுப்பு உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார், பக்கத்தில் மாற்றுத் தெரிந்த தன்னுடைய ஊசியால் இன்னொரு கோடு, இரண்டுக்கும் மேலே ஒரு சொட்டுத் திராவகம். ஊசிக் கோடு அப்படியே கிடந்தது, எங்கள் கோடு மெல்ல மங்கிப் போனது.

"பிள்ளை, இது 22 இல்லை. 18தான் வரும்."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அம்மம்மா எழுபதுகளில் வாங்கியது, வாங்கிய கடையே இப்போது இல்லை, யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? எனக்கோ அந்த நேரத்தில் ஞாபகம் வந்த ஆள் 11ஆம் நூற்றாண்டுப் பைசாந்தியப் பேரரசர் ஒன்பதாம் கொன்ஸ்தந்தைன் மொனொமாகொஸ். இரண்டு மாதமாக, கொன்ஸ்தாந்திநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருந்து ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசுக்காரர்களான பைசாந்தியர்களைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் எதைப் பார்த்தாலும் அங்கேதான் போய் நிற்கிறது. (பைசாந்தியர் என்ற பெயரை அவர்களுக்கு வைத்தது பின்னால் வந்த ஐரோப்பிய அறிஞர்கள். அவர்கள் கடைசிவரை தங்களை ரோமர் என்றுதான் சொன்னார்கள், பேசியது கிரேக்கம் என்றாலும்.)

சங்கதி என்னவென்றால், இந்த "கரட்" கணக்கே அவர்களுடைய பொற்காசோடு ஒட்டியது. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் கொன்ஸ்தந்தைன் அடித்த சொலிடஸ், கிரேக்கத்தில் நோமிஸ்மா. ஒரு ரோம இறாத்தல் பொன்னுக்கு 72 காசு, ஒன்று ஏறக்குறைய நாலரை கிராம், அரைப் பவுணைவிடக் கொஞ்சம் கூட. அதை 24 ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்குக்குப் பெயர் கெராத்தியோன், அதாவது கரோப் மரத்தின் விதை. நாங்கள் குன்றிமணியால் நிறுத்த மாதிரி அவர்களுக்கு அந்த விதை. அந்தச் சொல்தான் அரபிக்குள் போய், ஐரோப்பா சுற்றி, பத்தருடைய வாயில் "கரட்" ஆகி வந்து நிற்கிறது.

இந்தக் காசு கிட்டத்தட்ட 700 வருஷம் பத்தரை மாற்றாகவே இருந்தது. பேரரசர்கள் ஒருவரை ஒருவர் கண்ணைப் பிடுங்கினார்கள், எகிப்தும் சிரியாவும் கைவிட்டுப் போயின, ஏரீன் என்ற அம்மா பெற்ற மகனையே குருடாக்கிவிட்டுத் தனியாக ஆண்டு காசின் இரண்டு பக்கமும் தன் முகத்தையே போட்டார், ஆனால் பொன்னில் யாரும் கை வைக்கவில்லை. அரசன் யார் என்பதைவிடக் காசு என்ன மாற்று என்பதுதான் அவர்களுக்கு அரசு என்று எனக்குத் தோன்றுகிறது.

அதைக் காவல் காத்த விதத்தைப் பார்க்க வேண்டும். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆறாம் லியோ காலத்தில், நகரத் தலைவருக்கென்று எழுதின ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறது. கொன்ஸ்தாந்திநோபிளின் நடுவே ஓடிய மெஸே என்ற பெரிய வீதிக் கடைகளில் இருந்துதான் பத்தர்கள் பொன்வேலை செய்யலாம், வீட்டில் வைத்துச் செய்யக் கூடாது. ஒரு பெண் நகை விற்க வந்தால் பத்தர் நகரத் தலைவருக்கு அறிவிக்க வேண்டும், பொருள் கள்ளமாக நாட்டைவிட்டுப் போய்விடக் கூடாதே. வெள்ளியில் கலப்படம் செய்தால் கையை வெட்டு. பணமாற்றுக்காரனுக்கு வேறு விதி: காசை அராவக் கூடாது, அரசர் முகம் பொறித்த நல்ல காசைக் கொண்டுவந்தால் வாங்க மாட்டேன் என்று சொல்லவும் கூடாது. மெஸேயை மனதில் நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கஸ்தூரியார் வீதிதான் வருகிறது, அங்கே கடைக்குக் கடை ஒரு அதிகாரி நின்று எட்டிப் பார்ப்பது போல.

சரி, பிறகு எப்படிக் கெட்டது? 1025இல் இரண்டாம் பசில் சாகும்போது கருவூலத்தில் 200,000 தாலந்து இருந்ததாகவும், வைக்க இடமில்லாமல் நிலத்துக்குக் கீழே சுரங்கம் தோண்டியதாகவும் அந்த நூற்றாண்டின் அரசவை அறிஞர் மிக்கேல் செல்லோஸ் எழுதுகிறார். அதற்குப் பிறகு வந்தவர்கள் அள்ளி அள்ளி விட்டார்கள். அரசவைப் பட்டம் ஒவ்வொன்றுக்கும் வருஷா வருஷம் பொன்னாகச் சம்பளம் உண்டு, மொனொமாகொஸ் அந்தப் பட்டங்களைக் கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தார். அவருடைய மனைவி, பேரரசி சோயி, அந்தப்புரத்தில் நெருப்புச் சட்டிகளை வைத்து வாசனைத் தைலம் காய்ச்சிக்கொண்டிருக்க, அதே அரண்மனையில் மொனொமாகொஸின் ஆசைநாயகியும் குடியிருந்தார். இதையும் செல்லோஸ்தான் சொல்கிறார், வம்பு எழுதுவதில் மனுஷனை அடிக்க ஆளில்லை. 1042இலிருந்து 1055க்குள், மொனொமாகொஸின் ஆட்சியில், காசு 18 கரட் அளவுக்கு இறங்கியது. வியாபாரம் பெருகியதால் காசு கூடுதலாகத் தேவைப்பட்டது, அதனால்தான் கலந்தார்கள் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். முதல் இறக்கத்துக்கு அது பொருந்தலாம். பின்னால் வந்ததுக்கு நான் நம்பவில்லை.

பின்னால் வந்தவர் ஏழாம் மிக்கேல், செல்லோஸிடம் பாடம் படித்தவர். 1071இல் மான்சிகேர்ட்டில் செல்ஜூக் துருக்கியரிடம் பட்ட தோல்விக்குப் பிறகு அரசுகட்டில் ஏறினார். அவருடைய அமைச்சர் ஒருவர் மர்மராக் கடற்கரையில் ரைதெஸ்தோஸ் என்ற ஊரில் அரசாங்கத் தானியக் களஞ்சியம் கட்டி, விவசாயிகள் அங்கேதான் விற்க வேண்டும் என்று கட்டளை போட்டார். விலை ஏறியது. ஒரு பொற்காசுக்கு ஒரு மோதியோஸ் கோதுமை கிடைக்க வேண்டிய இடத்தில் காற்பங்கு குறைந்தது, அதனால் சனம் அரசருக்கு வைத்த பட்டம் பராபினாகேஸ், காற்பங்கு குறைந்தவர். எங்கள் ஊரில் என்றால் முக்காற்கொத்தர் என்றிருப்பார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்த அம்மாவுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் பாய்ந்ததைப் பார்த்த எனக்கும்தான். 1092இல் முதலாம் அலெக்சியோஸ் பழைய காசை ஒதுக்கிவிட்டு இருபதரைக் கரட்டில் புதுக் காசு அடித்தபோது, பழையதில் பொன் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

எங்கள் தீவும் இந்தக் கதைக்குள் வருகிறது. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கொஸ்மஸ் என்று ஒரு வியாபாரி இருந்தார், உலகம் பெட்டி மாதிரி என்று அடம்பிடித்து ஒரு புத்தகமே எழுதியவர். அந்த விசயத்தில் அவரை நம்பிவிடாதீர்கள். ஆனால் இலங்கைத் துறைமுகத்தில் நடந்ததாக ஒன்று சொல்கிறார். சொபத்ரோஸ் என்ற ரோம வியாபாரியும் ஒரு பாரசீகத் தூதரும் அரசன் முன்னால் நிற்கிறார்கள். உங்கள் இரண்டு பேரில் யாருடைய அரசர் பெரியவர் என்று அரசன் கேட்கிறான். பாரசீகர் முந்திக்கொண்டு எங்கள் அரசர்தான் என்கிறார். சொபத்ரோஸ் வாய் திறக்கவில்லை. நீ சொல்ல ஒன்றுமில்லையா என்று அரசன் கேட்டபோது, இரண்டு பேரும் இங்கேதானே இருக்கிறார்கள், நீங்களே பாருங்கள் என்று காசுகளைக் காட்டுகிறார். பாரசீகக் காசு வெள்ளி, ரோமக் காசு மினுங்குகிற பொன். அரசன் சொபத்ரோஸை யானையில் ஏற்றி மேளத்தோடு ஊர்வலம் விட்டானாம்.

கொஸ்மஸ் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார்: இங்கே அனுப்பப்படும் காசுகள் பொறுக்கி எடுத்தவை. ஏற்றுமதித் தரம்! எங்கள் கடல் நண்டும் றாலும் நல்லதெல்லாம் பெட்டிகட்டி வெளியே போக, மிச்சம் சந்தைக்கு வருகிற கதைதான்.

அரசன் பெயரைக் கொஸ்மஸ் சொல்லவில்லை. துறைமுகம் மாந்தைதான் என்று பலர் கருதுகிறார்கள். இதே சாயலில் இலங்கை அரசன் ரோமக் காசைப் பார்த்து வியந்த கதை ஒன்று 1ஆம் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் பிளினியிடமும் இருக்கிறது, ஆகவே இது கைமாறி வந்த கதையாகவும் இருக்கலாம். மண்ணுக்குள்ளே கிடைப்பதோ வேறு. இந்தத் தீவில் அந்தக் காலத்து ரோமக் காசுகளில் பெரும்பாலானவை நகக்கண் அளவுச் செப்புக் காசுகள், பொன் மிகவும் அருமை. தென்னிந்தியாவில்தான் சொலிடஸ்கள் கிடைத்திருக்கின்றன, அவற்றில் பலவற்றில் பேரரசரின் தலைக்கு மேலே இரண்டு துளை. கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு அம்மம்மாவின் கழுத்தில் பேரரசர் ஜஸ்டீனியன் தொங்கியிருக்கிறார்.

நேற்றுத் திரும்பப் போனபோது பத்தர் வேலை முடிக்கும்வரை இருந்து, சொபத்ரோஸின் கதையை அவருக்குச் சொன்னேன். ஊதுகுழாயை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ராசா உரைச்சுப் பாக்கேல்லையோ?"

"இல்லை, கையில வாங்கிப் பாத்தவராம்."

"பாத்தால் என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, புதுச் சங்கிலியைத் தராசில் வைத்து அம்மாவின் பக்கம் திருப்பினார்.