செமிகோலன்

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தா எண்டு பழைய மாணவர் சங்கத்தில கேட்டு மூண்டு மாசமாச்சு. "நீ தானே அந்த நேரம் கமரா, கொம்பியூட்டர், வீடியோ எண்டு திரிஞ்சனி, அதையே எழுதன்" எண்டவை. நானும் ஓம் ஓம் எண்டு சொல்லிக் கடத்திக்கொண்டு வந்தனான். போன மாசம் சேர் செத்துப்போனார் எண்டு வாட்ஸப் குறூப்பில அறிவித்தல் வந்தது. எல்லாரும் கும்பிடுற கை போட்டினம், நானும் போட்டனான், போட்டிட்டு வேலைக்கு ரெயின் ஏறினாப் பிறகு தான் அவரோட எனக்கொரு பழைய கணக்குக் கிடக்கெண்டு ஞாபகம் வந்தது.

எந்தச் சேர் எண்டு எங்கட பட்ச்சுக்குச் சொல்லத் தேவையில்லை. றகர ரகரம் மாறினா கொப்பியை ஜன்னலுக்கு வெளியில எறிவார், அந்தச் சேர்.

2002 சித்திரையில யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ-9 பாதை திறந்தது, பிறகு லொறி லொறியா சாமான் வந்தது. எங்களுக்குக் களவு சீடி வந்தது. போட்டோஷொப் 7, புரோகிராம் எழுதிற விசுவல் பேசிக் 6 எல்லாம் ஒரே சீடியில, சீரியல் நம்பர் பேனையால எழுதிக் கிடக்கும். பள்ளிக்கூட லாப்புக்கும் வெளிநாட்டுப் பழைய மாணவர் காசில கொம்பியூட்டர் வந்து இறங்கினது. அப்ப நாங்கள் "வெளிநாட்டுக்காரருக்கு என்ன, காசை அனுப்பிப்போட்டு மலரில போட்டோ போடுவினம்" எண்டு பகிடி பண்ணுவம். இப்ப கனடாவில, ஸ்காபரோவில டின்னர் டிக்கெட் வித்துக்கொண்டு திரியிறது நான்.

2004 பரிசளிப்பு விழாவுக்குப் பள்ளிக்கூட வரலாறை ஒரு சீடியாச் செய்வம் எண்டு சொன்னது நான் தான். ஒருத்தரும் கேக்கேல்ல. படம் எடுக்கிறதும் நான், வடிவமைக்கிறதும் நான், புரோகிராம் எழுதுறதும் நான், வீடியோவும் நான். பதினேழு வயசில ஆருக்குத் தான் தலைக்கனம் இல்லை.

ஹோலில தொங்கின பழைய அதிபர்மாரின்ர படங்களை மாமாவின்ர யாஷிகா கமராவில எடுத்தன், ஒரு றோல், 36 படம். கழுவி வந்து பாத்தா பாதிப் படத்தில கண்ணாடியில பிளாஷ் பட்டு அதிபரின்ர முகத்தில வெள்ளைப் பொட்டு. இப்ப எண்டா உடன அழிச்சிட்டு அடுத்தது எடுக்கலாம், அப்ப இன்னொரு றோலுக்கும் கழுவுறதுக்கும் ஆரிட்டக் காசு கேக்கிறது. சேர் தான் தந்தவர். "தம்பி, படத்தைக் கழட்டி விறாந்தையில நிழலுக்குள்ள வையும், பிளாஷ் போடாதையும், சரிவா நிண்டு எடுக்காதையும்" எண்டார். அவருக்குக் கமரா பிடிக்கத் தெரியுமெண்டு அண்டைக்குத் தான் தெரியும்.

டிசைன் பற்றிச் சொல்லாமலே விடலாம். பள்ளிக்கூடச் சின்னத்துக்கு எம்பொஸ், அதுக்கு நிழல், அதுக்கு மேல ஒரு லென்ஸ் ஃபிளேர். எழுத்தெல்லாம் மஞ்சள், சுத்திவரச் சிவப்புக் கரை. இப்ப நான் சம்பளம் வாங்கிறதே மற்ற ஆக்களின்ர டிசைனில உப்பிடிக் கிடந்தா எடுக்கச் சொல்லித் தான்.

வீடியோ தான் உயிரை வாங்கினது. சொந்தக்காரர் ஒராள் கொண்டுவந்த ஹண்டிகாமில எடுத்தது, ஒரு மணித்தியால டேப்பைக் கொம்பியூட்டருக்குள்ள இறக்க 13 ஜீபி வேணும், என்ர ஹார்ட் டிஸ்க் மொத்தமே 40. சீடிக்குள்ள அடங்கிற அளவுக்குச் சுருக்கிறதுக்கு ராத்திரி ராத்திரியா ஓட விட்டிட்டுப் படுப்பன், 92 வீதத்தில கரண்ட் போகும், விடிய எழும்பிப் பாத்து அழுகை வரும், திரும்பவும் முதல்ல இருந்து. அம்மா கரண்ட் பில்லைப் பாத்திட்டு ஒண்டும் சொல்லாமல் சாமிப் படத்துக்குக் கீழ வைச்சிட்டுப் போனவ.

விழாவண்டு மேடையில புரொஜெக்டர், அதோட பிரதம விருந்தினரோட வந்த ஆக்களின்ர லப்டொப். எங்கட கொம்பியூட்டரை லாப்பில இருந்து தூக்கியர வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம். சீடிக்குள்ள புரோகிராம் ஓடத் தேவையான டிஎல்எல் ஃபைல் எல்லாம் போட்டிருந்தன், வீடியோ ஓடாட்டி எண்டு அதுக்கும் ஒரு வழி வைச்சிருந்தன். இங்கிலிஷ் எழுத்தின்ர இடத்தில தமிழைக் காட்டிற பாமினி ஃபொன்டை மட்டும் போடேல்ல. எங்கட ஊரில எல்லாக் கொம்பியூட்டரிலயும் பாமினி கிடக்கும், இல்லாத கொம்பியூட்டர் ஒண்டு உலகத்தில இருக்குமெண்டே நான் நினைக்கேல்ல.

திரையில முதல் பக்கம் வந்தது. சின்னம் மினுங்குது. அதுக்குக் கீழ "அதிபர்" எண்டு இருக்கவேண்டிய இடத்தில இங்கிலிஷ் எழுத்து: எம், ஜே, பீ, ஜீ, யூ, கடைசியில ஒரு செமிகோலன். பாமினியில அடிச்ச ஆக்களுக்குத் தெரியும், ஃபொன்ட் இல்லாட்டி எல்லாம் உப்பிடித் தான் தெரியும். பின்வரிசையில ஆரோ சிரிச்சான், பிறகு ஹோல் முழுக்க. எனக்குக் காதெல்லாம் சூடு, கை மவுஸில ஒட்டிப்போச்சு.

அப்ப சேர் எழும்பி மைக்கை எடுத்தார். "எம் ஜே பீ ஜீ யூ செமிகோலன். அதாவது, அதிபர்" எண்டார். சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. அவர் நிப்பாட்டேல்ல. "அடுத்ததைத் தட்டும் தம்பி" எண்டிட்டு ஒவ்வொரு பக்கமா அந்தக் கோணல் எழுத்தைப் பாத்துப் பாத்துத் தமிழா வாசிச்சார், அதிபர்மாரின்ர பேர், வருஷம், கட்டின கட்டிடம், ஒண்டும் தடக்காமல். தவணைச் சோதினைப் பேப்பர் எல்லாம் வருஷக் கணக்கா அவர் தானே பாமினியில அடிக்கிறவர், விரலுக்குத் தெரிஞ்சது கண்ணுக்கும் தெரிஞ்சிருக்கு. கொஞ்சத்தில சிரிப்பும் நிண்டிட்டுது. ஆனா எனக்குக் கேட்டது அந்த முதல் சிரிப்பு மட்டும் தான். என்னை வைச்சுப் பகிடி பண்ணிப்போட்டார் எண்டு வைச்சுக்கொண்டன். அண்டையில இருந்து என்ர பட்டம் செமிகோலன், இப்பவும் சிலபேர் போனில "டேய் செமிகோலன்" எண்டு தான் தொடங்குவாங்கள். இத்தனைக்கும் விசுவல் பேசிக்கில வரிக் கடைசியில செமிகோலன் தேவையே இல்லை.

அதுக்குப் பிறகு அவரோட நான் முகம் குடுத்துக் கதைக்கேல்ல. ஏ.எல். முடிஞ்சது, 2006 ஆவணியில பாதை பூட்டினது, அடுத்த வருஷம் காங்கேசன்துறையில கப்பலேறித் திருகோணமலை, கொழும்பு, பிறகு இஞ்ச. வழியில ஆமி செக்கிங்கில ஆர் விளங்கப்படுத்திறது எண்டு ஒரு சீடியும் கொண்டு வரேல்ல. சிபியூ வீட்டில நிண்டது. சேரிட்டச் சொல்லிக்கொண்டு வர லாப்படிக்குப் போகவும் இல்லை.

ரெயினில இருந்து ஜீமெயிலில அவற்ற பேரைப் போட்டுத் தேடினன். 2011இல ஒரு மெயில் வந்து கிடக்கு. அது வந்தண்டே பாத்தனான், பொய் சொல்லக்கூடாது. முழுக்கப் பாமினி. யூனிகோட்டுக்கு மாத்தி வாசிக்க ஒரு நிமிசம் போதும், பிறகு செய்வம் எண்டு விட்டது. பதில் போடேல்ல.

இப்ப மாத்தாமலே வாசிச்சன், எழுத்தெழுத்தா, கென்னடி ஸ்ரேசன் தாண்டியும் முடியேல்ல. சுகம் விசாரிச்சிருந்தார். அந்தச் சீடியை இப்பவும் லாப்பில சின்னப் பெடியளுக்குப் போட்டுக் காட்டிறவராம். கடைசிப் பக்கத்தில, நன்றி சொன்ன இடத்தில, தன்ர பேரில டபிள்யூ அடிக்கவேண்டிய இடத்தில யூ அடிச்சுக் கிடக்காம், றகரம் ரகரமாப் போச்சாம், நேரம் கிடைச்சாத் திருத்தி அனுப்பட்டாம், அவசரமில்லையாம்.

அண்டைக்கு மேடையில அந்தக் கடைசிப் பக்கத்தையும் அவர் தான் வாசிச்சவர். தன்ர பேரைச் சரியா வாசிச்சிட்டு மைக்கை வைச்சவர்.