மெர்ரி கிளேட்டனின் குரல் மட்டும்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்டர்' பாட்டில் மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு, மெர்ரி கிளேட்டனின் குரல் மட்டும் இருக்கும் டிராக்கை நேற்று ஹெட்போனில் கேட்டேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

1969, லாஸ் ஏஞ்சலஸ். நடு ராத்திரியில் கிளேட்டனைப் பாட வரச்சொல்லி போன் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போது அவர் கர்ப்பிணி. அப்படியும் போய்ப் பாடியிருக்கிறார்!

உச்சத்துக்குப் போகும்போது குரல் உடைகிறது. அவர் நிறுத்தவில்லை, தணிக்கவும் இல்லை. அடுத்த தடவை இன்னும் பலமாகப் பாடுகிறார், குரல் மறுபடி உடைகிறது. அங்கேதான் குழுவின் பாடகர் மிக் ஜாகர் தன்னை மறந்து கூவுவது பின்னால் கேட்கிறது. முழுப் பாட்டிலும் அது இருக்கிறது, ஆனால் கிட்டார் இரைச்சலில் காதுக்குச் சிக்குவதில்லை.

இவரைப் பின்னணிப் பாடகி என்று ஒரு வார்த்தையில் கடந்துபோவது அநியாயம். என்னைப் பொறுத்தவரை இது அவருடைய பாட்டு. இணையத்தில் கிடைக்கிறது, கேளுங்கள்.