அப்பாயி ஏறாத மலை

கிளிநொச்சிக்காரனுக்கு ஏறிப் பழக இடம் கிடையாது. எங்கள் ஊரில் உயரம் என்றால் இரணைமடுக் குளக்கட்டுதான். ஒலுமடுப் பக்கம் வெடுக்குநாறி மலையில் ஒருமுறை ஏறி ஆதிசிவனைக் கும்பிட்டிருக்கிறேன். அதையே பெரிய ஏற்றம் என்று பல வருடமாகச் சொல்லித் திரிந்தேன். உச்சியில் பாதத் தடம் உள்ள சிவனொளிபாதமலைக்குப் போவதென்று நண்பர்கள் நான்கு பேரும் முடிவெடுத்ததும், இரண்டு வாரம் விடிய எழும்பிக் குளக்கட்டில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தோம். 2,243 மீற்றர் மலைக்கு அது எந்த மூலைக்கு? நாலாம் நாள், கட்டடியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் கேட்டே விட்டார்: "தம்பியவை, எதைத் துலைச்சுப்போட்டுத் தேடுறியள்?"

இந்த எண்ணத்தைக் கிளப்பியவன் தருமபுரத்து நண்பன். அவனுடைய குடும்பம் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தது. அப்படி வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். காடு வெட்டினார்கள், கிணறு கிண்டினார்கள், பிறகு எங்களைப் போலவே இடம்பெயர்ந்து திரும்பியும் வந்தார்கள். அவன் பேச்சில் மலைநாடு துளியும் இல்லை. அவனுடைய அப்பாவைப் பெற்ற அப்பாயிதான் இன்னும் அந்தப் பேச்சை விடவில்லை.

அப்பாயி "மலைக்குப் போனேன்" என்றால் கொழுந்து எடுக்கப் போனேன் என்று பொருள். தோட்டத்தில் தேயிலை நிற்கிற சரிவெல்லாம் மலைதான். விடிய, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, கூடையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளும் மலைக்குப் போனவ, தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் நின்றால் தெரிகிற அந்தப் பெரிய மலைக்கு மட்டும் ஒருநாளும் போகவில்லை. "ராவுல ஏறுறவங்க வெளிச்சம் சரம் சரமாத் தெரியும் தம்பி. வாசல்ல நின்னு கும்பிட்டுட்டுப் படுத்துருவோம். விடிஞ்சாப் பிரட்டு இருக்கே" என்று என்னிடம் ஒருமுறை சொன்னா. குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, நனைந்தோம் என்கிற மாதிரித்தான் சொன்னா.

மார்கழிப் போயாவில், அதாவது பௌர்ணமியில் தொடங்கி வெசாக் போயா வரைதான் யாத்திரைக் காலம். அதற்குப் பிறகு மழையும் புகார் மூட்டமும். போயா நாளிலும் வார இறுதியிலும் படியில் நின்று நின்றுதான் நகர வேண்டியிருக்கும் என்று போய்வந்தவர்கள் எச்சரித்ததால், மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தோம். விடிய வான் புறப்பட்டு, வழமைபோல முறிகண்டியில் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்த வாகனம் அந்த இடத்தைத் தாண்டும்? கச்சான் சரை வாங்கிக்கொண்டோம். அது மதவாச்சிக்கு முன்னமே முடிந்துவிட்டது.

வழியில் கதை சொன்னவர் எங்கள் மாஸ்டர். விஞ்ஞானம் படிப்பிப்பவர், ஆனால் வரலாற்றில் பைத்தியம். 1344இல் மொரோக்கோப் பயணி இபன் பதூதா இந்த மலைக்குப் போனாராம். புத்தளத்தில் அவரை வரவேற்று வழியனுப்பியவர் யாழ்ப்பாணத்து அரசரான ஆரியச்சக்கரவர்த்தி. பல்லக்கும் கொடுத்து, ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசிக்கப் போகும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், வேறு பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று கூட அனுப்பினாராம். அந்த யோகிகள் நால்வர்மீது எனக்குப் பெரிய பிரியம் வந்துவிட்டது. பெயர் இல்லை, ஊர் இல்லை, வருடா வருடம் போகிறவர்கள் என்ற ஒரு குறிப்பு மட்டும். "நாங்களும் நாலு பேர்தான்" என்றான் பாங்கில் வேலை செய்கிறவன். "அவையள் வானில போகேல்லை" என்றார் மாஸ்டர்.

கண்டி, ஹற்றன், மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணியை அடையும்போது இருட்டிவிட்டது. நான்கு மணித்தியாலம் படுத்தோம் என்று சொல்லலாம், தூங்கினோம் என்று சொல்ல முடியாது. இரவு ஒன்றரைக்கு நடக்கத் தொடங்கினோம்.

தொடக்கம் ஏமாற்றும். தேயிலைக்கு நடுவே சாதாரணப் பாதை, இருபக்கமும் கடைகள், மகர தோரணம், ஜப்பானியப் பிக்குமார் கட்டிய வெள்ளைத் தாதுகோபம். இவ்வளவுதானா என்று நான் வாய்விட்டே கேட்டேன். சீத்த கங்குல ஓடையில் முகம் கழுவியதும் அந்த எண்ணம் போய்விட்டது. அந்தத் தண்ணீர் கையில் பட்டதும் பல் கூசியது. அதற்கு மேலே படி. பிறகும் படி. மொத்தம் ஏழு கிலோமீற்றர், 5,000க்கு மேற்பட்ட படிகள். ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது நாலு விரல் உயரம். கால் ஒரு கணக்குக்குப் பழகும்போது படி கணக்கை மாற்றிவிடுகிறது.

மலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் "கருணாவை" என்று வாழ்த்திக்கொள்கிறார்கள். நாங்கள் முதலில் "அரோகரா" என்றோம், பிறகு இரண்டையும் சேர்த்துச் சொன்னோம். புத்தரின் பாதம் என்று ஒரு கூட்டம், சிவனின் பாதம் என்று நாங்கள், ஆதம் நபியின் பாதம் என்று முஸ்லிம்கள். மூச்சு வாங்குவது மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. முதல்முறை வருகிறவர்களைச் சிங்களத்தில் 'கோடு' என்கிறார்கள். கெத்தம்பான என்ற இடத்தில் அவர்கள் நூல் கோத்த ஊசியைக் குத்தி, நூலை இழுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். புத்தர் தம் ஆடையைத் தைத்த இடம் அது என்பது நம்பிக்கை. எங்களுக்கு அது தெரியாது, நூலும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா எங்களைப் பார்த்ததுமே கோடு என்று கண்டுபிடித்து, தன் நூலுண்டையில் நான்கு துண்டு அறுத்துத் தந்தா. வெறுங்கால், வெள்ளைச் சேலை, எழுபதுக்கு மேல் வயது. தருமபுரத்து நண்பன் அவவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நாங்கள் மேலே போய்ச் சேரும் வரைக்கும் அந்த அம்மாவை எட்டிப் பிடிக்கவே முடியவில்லை.

பாங்கில் வேலை செய்கிறவனின் கெண்டைக்காலுக்குள் 2009 போரிலிருந்து ஒரு செல் (எறிகணை) துண்டு கிடக்கிறது. வன்னி வெக்கையில் அது பேசாமல் இருக்கும். அந்தக் குளிரில் விழித்துக்கொண்டது. ஒவ்வொரு கடையிலும் இருந்து இஞ்சிப் பிளேன்ரீ குடித்து, காலைத் தேய்த்து, மறுபடி எழும்பினான். "திரும்புவமா?" என்று கேட்டேன். "இது என்னோட எவ்வளவு தூரம் நடந்த துண்டு. சாமியைப் பாக்காமல் திரும்புமோ?" என்றான். என் பங்குக்கு என் சப்பாத்தின் அடி கழன்றது. புதுச் சப்பாத்து, மலிவு என்று வாங்கியது. மாஸ்டரின் சால்வை நுனியைக் கிழித்துக் கட்டிப் பார்த்தோம், சரிவரவில்லை. கழற்றிப் பையில் போட்டுவிட்டு நடந்தேன். வெறுங்காலோடு போன என்னை நேர்த்திக்காரன் என்று நினைத்து இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். நானும் திருத்தவில்லை.

கடைசி ஏற்றம் செங்குத்து. கைபிடிக் கம்பி ஐஸ் மாதிரி. அங்கே யாரும் பேசுவதில்லை. என் வாயில் நமச்சிவாய மட்டும் இருந்தது. அதுவும் பக்தியில் வந்ததா, மூச்சை எண்ணுவதற்கு வந்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு படிக்கு 'நம', அடுத்த படிக்கு 'சிவாய'. நான்காவது கடையைத் தாண்டியபோது தொடங்கியது, உச்சியில் கால் சமதரையில் பட்ட பிறகும் நிற்கவில்லை.

பாதம் இருக்கும் இடம் சின்னது. பாறைக்கு மேல் கூரை, துணியால் போர்த்திய பீடம். வரிசையில் போய்த் தலை குனிந்து, நெற்றியைத் தொட்டு நகர வேண்டும். அரை நிமிடம்கூட இல்லை. சிவாலயத்தில் முகத்தைப் பார்த்துப் பழகியவன் நான். இங்கே பார்க்க முகம் இல்லை, வந்து போன தடம் மட்டும்தான். குனிந்தபோது என் கண்ணுக்குத் தெரிந்தது எனக்கு முன்னால் நின்றவரின் வெடித்த குதிக்கால்.

வெளியே மணி. எத்தனையாம் முறை வந்திருக்கிறோமோ அத்தனை தரம் அடிக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொரு தரம் அடித்தோம். தருமபுரத்து நண்பனுடைய முறை வந்தபோது, "அப்பாயிக்காக இன்னொண்டு அடியன்ரா" என்றேன். அவன் கயிற்றை விட்டுவிட்டான். "அவ வரேல்லையே மச்சான். வந்த கணக்கெல்லோ இது."

ஆறேகாலுக்கு மேல் சூரியன் வந்தது. எல்லோரும் கிழக்கே பார்த்துக் கும்பிட, மேளமும் அரோகராவும் சாது சாதுவும் ஒன்றாய் எழும்பின. மாஸ்டர் எங்களை மேற்குப் பக்கம் இழுத்துப் போனார். மலையின் நிழல் முகில் மேல் பெரிய முக்கோணமாக விழுந்து கிடந்தது. மலை கூம்பாக இல்லாவிட்டாலும் நிழல் இப்படித்தான் தெரியும் என்றும், நீண்ட தண்டவாளம் தூரத்தில் ஒடுங்கித் தெரிவதுபோலத்தான் இது என்றும் விளக்கினார். விளக்கம் கேட்ட பிறகும் மயிர் கூச்செறிந்தது. நிழல் மெல்ல மெல்லச் சுருங்கி மலைக்குள் திரும்பிப் போனது.

தருமபுரத்து நண்பன் நிழலைப் பார்க்க வரவில்லை. கிழக்குப் பக்கச் சுவரில் சாய்ந்து, கீழே புகார் விலகி மவுஸாக்கலை நீர்த்தேக்கம் தெரியத் தெரியப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

இறங்குவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஏறும்போது மூச்சு போகும், இறங்கும்போது முழங்கால் போகும். அடுத்த மூன்று நாள் நாற்காலியில் இருக்க முன் நான்கு பேரும் முனகினோம்.

ஊர் திரும்பிய மறுநாள் அவனோடு அப்பாயியைப் பார்க்கப் போனேன். திருநீற்றுச் சரையைக் கொடுத்தான். பூசிக்கொண்டா. மணியைப் பற்றிச் சொன்னான், சிரித்தா. பிறகு கைபேசியைப் பக்கத்தில் பிடித்துப் படங்களைக் காட்டினான். பாதம், சூரியன், நிழல் எதுவும் அவவை நிறுத்தவில்லை. நீர்த்தேக்கப் படம் வந்ததும் அவன் கையைப் பிடித்தா.

"இந்தத் தண்ணிக்குக் கீழதான்டா பழைய மஸ்கெலியா டவுனு. எனக்குத் தாலி வாங்குன கடை அங்கனதான் இருந்துச்சு."

விரலால் திரையில் இடம் காட்டினா. படம் நகர்ந்துவிட்டது. அவன் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தான்.